டன் கணக்கில் வராத லாரி

கேபினில் ஏறி உட்கார்ந்து ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தூங்கிவிட்டு, இறங்கிப் போய், ஏழாம் நம்பர் லாரியை விற்றுவிடலாம் என்று எழுதிக் கொடுத்த ஆளை என்ன செய்வது? அந்த லாரியை ஓட்டின லஸ்ஹர் பல வருஷமாக இந்தக் கேள்வியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

தூங்கினவர் பெயர் பெல்காசம். கஃப்சாவுக்கு மேற்கே பாஸ்பேட் வெட்டுகிற அந்த மலையில், எந்த வண்டி எவ்வளவு தின்கிறது, தின்றதற்கு எவ்வளவு உழைக்கிறது என்று அளப்பதுதான் அவர் உத்தியோகம். டீசல், டயர், பட்டறையில் மாட்டின சாமான் எல்லாவற்றையும் கூட்டி, அந்த வண்டி கிரஷரில் கொண்டுபோய்க் கொட்டின மண்ணால் வகுப்பார். டன்னுக்கு இவ்வளவு செலவு என்று ஒரு தொகை விழும். தொகை அதிகமாக விழுந்த வண்டிக்கு மலையில் வேலை இல்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, சிரித்துப் பார்த்தவர்களும் குறைவு. கோடையிலும் பழுப்புக் கம்பளி அங்கியைக் கழற்றாமல், கொஞ்சம் கூனின உயரமான உடம்போடு லாரிகளுக்கு நடுவே நடந்து வருவார். டிரைவர்கள் 'சி பெல்காசம்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அவர் தாண்டிப் போனதும் வேறு பேர் வைத்திருந்தார்கள், அதை எழுத முடியாது.

ஏழாம் நம்பர் ஏன் போனது என்று லஸ்ஹருக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாததுதான் அவன் நோவு.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மேலதிகாரியும் உண்டாக்கினதல்ல, அவர்கள் எவருக்கும் தெரியவும் தெரியாது. டிரைவர் ஒருவன் உடம்பு முடியாமல் விழுந்தால், மற்றவர்கள் ஆளுக்கொரு நடையை அவன் பேரில் போட்டுவிடுவார்கள். கிரஷர் வாசலில் வனாஸ் என்பவன் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, கொட்டுகிற லாரிக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருப்பான். கொட்டின டிரைவர் தன் நம்பரைச் சொல்லாமல் சீக்காளியின் நம்பரைச் சொல்லிவிட்டுப் போவான். வனாஸ் தலையைத் தூக்காமல் அந்த நம்பருக்கே கோடு போடுவான். இதற்குச் சீக்காளி நடை என்று பேர்.

அப்போது சீக்காளி, பன்னிரண்டாம் நம்பர் தீஜானி. முதுகெலும்பு தேய்ந்துபோய் குனிந்தால் நிமிர முடியாது. பென்ஷன் கைக்கு வர இன்னும் கொஞ்ச காலம் பாக்கி, வீட்டில் கட்டிக்கொடுக்காத பெண்கள். காலையில் இரண்டு பேர் தூக்கிவிட கேபினில் ஏறுவான், ஒரு நடை அடிப்பான், அப்புறம் மலை நிழலில் லாரியை ஒதுக்கிவிட்டு சீட்டில் சாய்ந்துகொள்வான். அவன் முனகுவது அடுத்த வீட்டுச் சுவர் வழியாக லஸ்ஹரின் மனைவிக்குக் கேட்கும். அதனாலேயே மற்றவர்கள் ஒரு நடை போட்ட இடத்தில் லஸ்ஹர் இரண்டு மூன்று போட்டான்.

நிழலில் நிற்கிற லாரி டீசல் குடிக்காது. டயரும் தேயாது. ஆனால் டன் மட்டும் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. பெல்காசம் வகுத்துப் பார்த்தபோது, உலகத்திலேயே பன்னிரண்டாம் நம்பரைப்போல் சிக்கனமான லாரி கிடையாது என்று வந்தது. நாள் பூராவும் மேடு ஏறி இறங்கின ஏழாம் நம்பர், வீட்டைக் கெடுக்கிற ஊதாரி என்று வந்தது. தலைநகரத்தில் அதைப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் நம்பரின் ஜாதியிலேயே புதுசாக மூன்று லாரி வாங்கி அனுப்பினார்கள். மூன்றும் மேட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றன. அந்த வருஷம் தியாகத் திருநாளுக்கு, சிறந்த டிரைவர் என்று தீஜானிக்கு ஒரு கிடாயும் கொடுத்தார்கள்.

"இந்த ஆட்டை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அறுக்கிறது?" என்று தீஜானி அழுதான்.

"மூஞ்சிய வெச்சுக்கிட்டு இல்லண்ணே, கத்திய வெச்சுக்கிட்டு அறுங்க," என்றான் வனாஸ்.

அறுத்து எல்லார் வீட்டுக்கும் பங்கு அனுப்பினான். லஸ்ஹர் வீட்டுக்கு முழுத் தொடை வந்தது. தொடை வந்த வாரம்தான் ஏழாம் நம்பரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேறு டிப்பர் லாரியில் இடம் இல்லை என்று லஸ்ஹரைத் தண்ணீர் லாரிக்கு மாற்றினார்கள். மலைப் பாதைகளில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிற வண்டி. பெரிய லாரி ஓட்டினவனுக்கு அது, குதிரையில் இருந்தவனை இறக்கிக் கழுதையில் ஏற்றினதுபோல் இருந்தது. நடக்கிறவன்கூட முந்திப் போய்விடுவான், அவ்வளவு மெதுவு.

ஆனால் அந்த மெதுவுக்குள் என்னமோ இருந்தது. மத்தியான வெயிலில் அந்த மலை மலையாகவே இருக்காது. பாதை, மேடு, வானம் எல்லாம் ஒரே வெள்ளை. தூரத்தில் வருகிற லாரிகளுக்குச் சக்கரம் இருக்காது. கேபினும் டிப்பரும் மட்டும் பாலில் மிதந்து வரும், பக்கத்தில் வந்ததும் கால் முளைக்கும். லஸ்ஹர் பம்பைத் திறந்தால் பின்னால் தண்ணீர் விசிறிபோல விரியும். முன்னால் வெள்ளையாக இருந்த பாதை கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாகி, ஈர மண் வாசனையோடு பின்னால் படுத்துக் கிடக்கும். அவன் அங்கேயே திரும்பி வருவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். தான் போட்ட கோட்டைத் தானே தேடிக்கொண்டு சுற்றுகிற மாதிரி இருக்கும். எந்த நேரம், எத்தனையாவது சுற்று என்பதெல்லாம் மறந்துவிடும்.

அந்தக் கேபினில்தான் ஒரு நாள் பெல்காசம் வந்து ஏறினார். கேட்கவில்லை கொள்ளவில்லை, அங்கியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இதையும் அளக்கப் போறீங்களா?" என்றான் லஸ்ஹர், முகத்தைத் திருப்பாமல்.

"இதுல அளக்க என்ன இருக்கு? மண்ணு ஏத்தற வண்டியா இது? டன்னே கிடையாது. எதால வகுக்கிறது?"

"அப்புறம்?"

"அதான் ஏறினேன். மத்த வண்டில உக்காந்தா தொகை ஓடிக்கிட்டே இருக்கு மண்டைல. இதுல ஓடாது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் மத்தியானம் ஆனால் அவர் அங்கேதான். சில நாள் பையிலிருந்து, வெங்காயமும் கொழுப்பும் அடைத்துச் சுட்ட ரொட்டியை எடுத்துப் பிட்டு, பாதியை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைப்பார். லஸ்ஹர் தொடமாட்டான். சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே கிடந்து காயும். மறுநாளும் வைப்பார்.

ஒருநாள் கண்ணை மூடினபடியே பேசினார். "லஸ்ஹர், எனக்கு ஒரே கனாதான் திரும்பத் திரும்ப வருது. இந்த மலைய முழுசா தூக்கித் தராசுல வெச்சிருக்காங்க. நான் எடை போடுறேன். வெட்டினது இவ்வளவு, இருக்கிறது இவ்வளவு. கூட்டினா சரியா வரமாட்டேங்குது. கொஞ்சம் குறையுது. யாரு எடுத்தான்னு தேடிக்கிட்டே போறேன். பார்த்தா அது காத்துல போய்க்கிட்டிருக்கு. வெள்ளையா. செகியா பக்கமா."

செகியா அவருடைய ஊர். மலையின் வடக்குப் பாதை அதன் ஓரமாகத்தான் போகிறது. பெண்டாட்டி போனபிறகு, அக்கா மஹ்பூபா வீட்டில் அவர் இருந்தார்.

"உங்களுக்கு ராத்திரி கனா பத்தலைன்னு பகல்லயும் என் வண்டில வந்து காண்றீங்க," என்றான் லஸ்ஹர். தூங்குகிறதைக் குத்திக் காட்டினான். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

இப்படியே நாள் போனது. ஒரு வசந்த காலத்தில் தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தது. மண் ஏற்றாமல் செலவு மட்டும் வைக்கிற வண்டிகள் எவையெவை என்று எழுது, அவற்றை நிறுத்திவிடலாம். பெல்காசம் அதைக் கேபினில் வைத்தே சொன்னார்.

"முதல் பேரே இந்த வண்டிதான்."

லஸ்ஹர் பிரேக்கை மிதித்தான். பின்னால் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிச் சேறானது. இந்த வண்டியும் போனால் அவனுக்கு மலையில் வேறு சீட் கிடையாது. வாசல் கூட்டுகிற வேலைக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு. தீஜானிக்காவது பென்ஷன் வந்து சேர்ந்தது. இவனுக்கு அந்த வயசும் ஆகவில்லை.

"எழுதுங்க," என்றான். "ஒருக்கா எழுதின கைதானே. பழகியிருக்கும்."

"எழுதத்தான் போறேன். ஆனா ஒண்ணு யோசிச்சேன். இந்த வண்டி இருந்தா என்ன கிடைக்குதுன்னு அளக்க முடியாது. இல்லேன்னா என்ன போகுதுன்னு அளக்கலாம். வடக்கு, தெற்குன்னு இருக்கிற ரெண்டு ரோட்டுல ஒண்ணுக்கு ஒரு மாசம் தண்ணி தெளிக்காதே. அந்த ரோட்டு வண்டிங்களுக்கு டன்னுக்கு எவ்வளவு விழுது, தெளிச்ச ரோட்டு வண்டிங்களுக்கு எவ்வளவு விழுதுன்னு பார்ப்போம். நடுவுல இருக்கிற தொகைதான் உன் வண்டியோட உழைப்பு."

லஸ்ஹருக்குப் புரிந்தது. புரிந்ததுமே நம்பிக்கை வந்தது. நம்பிக்கை கொடுத்த ஆள் இவராகப் போனாரே என்று எரிச்சலும் வந்தது.

"எந்த ரோட்டைக் காயப் போடறது?"

"வடக்கு."

"அது உங்க ஊர் ரோடு. உங்கக்கா என்னை உரிச்சுத் தொங்கவிட்ரும்."

"மத்தவன் ஊரைக் காயப் போட எனக்கு என்ன உரிமை இருக்கு?"

வடக்குப் பாதை காய்ந்தது. சில நாளில் அது பாதையாக இல்லாமல் புகையாக ஆனது. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பகலில் ஊர்ந்தன. முன்னால் போகிற லாரியின் புழுதி இறங்கட்டும் என்று பின்னால் வருகிறது காத்து நின்றது. செகியாவில் ஆலிவ் மரமெல்லாம் மாவில் புரட்டி வைத்ததுபோல் நின்றது. துணி காயப்போட வந்த பெண்கள் மேட்டில் நின்றுகொண்டு தெற்கே போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக் கூவினார்கள்.

"ஏய் லஸ்ஹர், எங்க ரோட்டுக்கு மட்டும் நோன்பா?"

"உங்க தம்பிகிட்ட கேளுக்கா. நாள் குறிச்சது அவரு," என்று இவன் மஹ்பூபாவைப் பார்த்துச் சொன்னான்.

"அவன் வந்தா அவனைத்தான் கம்பத்துல போட்டுத் தட்டப் போறேன். அவன் மேல இருக்கிற மண்ணுல ஒரு வீடு கட்டலாம்," என்றாள் அவள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பெல்காசம் இப்போது தண்ணீர் லாரிக்கு வருவதில்லை. வடக்குப் பாதை வண்டிகளில் ஒன்று மாற்றி ஒன்று ஏறி உட்கார்ந்து, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் வெறுமனே டீசல் எரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்டிகள், ஜன்னல் கண்ணாடி ஏறாது. சாயங்காலம் இறங்கும்போது புருவமெல்லாம் வெளுத்து, இருமிக்கொண்டு நடப்பார். அவர் நடந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அவர் இருந்த இடத்தில் புழுதி அவர் உயரத்துக்கு நிற்கும்.

பக்கத்து சீட் காலியாக இருந்தது லஸ்ஹருக்கு என்னமோ மாதிரி இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பாதி மாசம் தாண்டினபோது அவர் திடீரென்று தண்ணீர் லாரியை மறித்து ஏறினார். கதவைச் சாத்திவிட்டு மூச்சு வாங்கினார்.

"உன் தெற்கு ரோட்டு வண்டிங்களுக்கு றெக்கை முளைச்சிருக்கா?"

"ஏன்?"

"கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கவிட தெற்குல ரெண்டு பங்கு மண்ணு வந்திருக்கு. தண்ணி தெளிச்சா வண்டி ஓடும், ஒத்துக்கறேன். பறக்குமா?"

லஸ்ஹருக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் புரிந்துபோனது. வடக்குப் பாதைப் பையன்கள், அவன் சீட்டைக் காப்பாற்ற, தாங்கள் கொட்டின நடைகளைத் தெற்குப் பாதை நம்பர்களில் போட்டிருக்கிறார்கள். யாரும் அவனிடம் மூச்சு விடவில்லை. வனாஸ் தலையைத் தூக்காமல் கோடு போட்டிருக்கிறான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, சி பெல்காசம்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இது சீக்காளி நடை."

அந்த வார்த்தையை ஓர் அதிகாரி வாயிலிருந்து லஸ்ஹர் கேட்டதே இல்லை. தண்ணீர் லாரி தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே வெள்ளை. உள்ளே பம்பின் இரைச்சல் மட்டும்.

"இது உங்களுக்கு எப்படி…"

"தீஜானிக்கு நீ போட்டியே. ஏழாம் நம்பர் கேபின்ல நான் உக்காந்திருந்த அன்னிக்கு மூணு நடை போட்டே. ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்துட்டுதான் பன்னண்டுன்னு சொன்னே."

"நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க."

"கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

லஸ்ஹர் வண்டியை நிறுத்தினான். பல வருஷமாக அவன் திட்டி வைத்திருந்த ஆள் தூங்குமூஞ்சி. முழித்துக்கொண்டிருந்த ஆளை எப்படித் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சேதான் என் வண்டிய வித்தீங்களா?"

"வழக்கத்தை எழுதினா தீஜானிக்கு அன்னிக்கே கணக்கு முடிஞ்சிருக்கும். எழுதலைன்னா உன் வண்டி போகும். உனக்குக் கையும் காலும் முதுகும் இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ நடை போடறத நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருக்க மாட்டேன்."

பெல்காசம் அவனைப் பார்த்தார். லஸ்ஹர் ஸ்டியரிங்கைப் பார்த்தான். ஏழாம் நம்பரின் ஸ்டியரிங், அதன் மேட்டுச் சத்தம், இரண்டும் எங்கிருந்தோ வந்து கேபினில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயின. நிறுத்தியிருப்பானா? ஒரு வேளை. இரண்டு வாரம் கழித்து மூன்று நடை ஒரு நடை ஆகியிருக்கும், அப்புறம் அதுவும் இல்லை. யாருக்குத் தெரியும்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றான், முரட்டுத்தனமாக.

"அன்னிக்குப் பொய்ய நம்பி மூணு லாரி வாங்கினாங்க, மூணும் துருப்பிடிச்சு நிக்குது. இந்தத் தொகைய அனுப்பினா நம்பக்கூட மாட்டாங்க. எந்த மலையிலயும் இப்படி வராது. பார்க்க ஆள் அனுப்புவாங்க, வனாஸ் கொட்டகைல உக்காருவாங்க. வனாஸும் போவான், பசங்களும் போவாங்க, உன் வண்டியும் போகும். நிஜமா வர்ற தொகை போதும் லஸ்ஹர். கொஞ்சமா இருந்தாலும் அது நிக்கும். இந்த ரெண்டு வாரத்தைக் கிழிச்சுட்டேன். மாசத்தை முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்."

மறுநாள் தேநீர் நேரத்தில் லஸ்ஹர் டிரைவர்கள் நடுவில் போய் நின்றான். கரி அடுப்பில் சிவப்புத் தேநீர் தார் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

"எவனாவது இனிமே எனக்கு நடை போட்டா, அவன் வண்டிக்குள்ள பம்பைத் திறந்து விட்ருவேன்."

"நல்லது செஞ்சா இதான்," என்றான் ஒருவன். "இவனுக்குச் சீக்கு வந்திருச்சுன்னு நெனச்சோம், மண்டைல வந்திருக்கு."

"மண்டைல இல்லடா, பெல்காசத்துக்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு," என்றான் வனாஸ். சிரித்தார்கள். ஆனால் கேட்டார்கள். அன்றிலிருந்து அவரவர் நம்பர்தான் ஜன்னல் வழியாக வந்தது.

வடக்குப் பாதை மறுபடி முதலிலிருந்து காய ஆரம்பித்தது. பெல்காசம் மறுபடி அதே வண்டிகளில் ஏறினார். இருமல் இப்போது அவர் வருவதற்கு முன்னாலேயே வந்தது. லஸ்ஹர் தன் ரொட்டியைப் பாதி பிட்டுப் பக்கத்து சீட்டில் வைத்துப் பார்த்தான். வந்து எடுக்க ஆள் இல்லை, அவனே தின்றான். ஒருநாள் வடக்குப் பாதை டிரைவர் ஒருவன் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். அங்கியின் முன்பக்கத்தில் சிவப்பு இருந்தது. அன்றைக்கே கஃப்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வார விடுமுறையில் லஸ்ஹர் பஸ் ஏறிப் போனான். மஹ்பூபா வாசலிலேயே நின்றிருந்தாள். நெஞ்சு முழுக்க மண் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். இந்த வருஷத்து மண் இல்லையாம், பிறந்ததிலிருந்து சேர்ந்ததாம். இவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் சட்டைக் காலரில் இருந்த வெள்ளையைக் கையால் தட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

உள்ளே ஜன்னல் ஓரம் வெள்ளை விரிப்பில் படுத்திருந்தார். கம்பளி அங்கி இல்லாமல் அவரைப் பார்க்க ஒரு பையன் மாதிரி இருந்தது. மூக்கில் குழாய். லஸ்ஹர் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். தண்ணீர் லாரியில் இருந்த மாதிரியேதான் இருந்தது.

"பசங்க ஒழுங்கா நம்பர் சொல்றாங்களா?" என்றார்.

"சொல்றாங்க."

"நீ தெற்கு ரோட்டை நிறுத்தாம தெளிக்கிறியா?"

"தெளிக்கிறேன். நீங்க எந்திரிச்சு வந்து தொகைய வகுங்க."

"வகுக்க வேற ஆள் வருவான். வகுக்கத் தெரிஞ்சவன் நிறைய பேர் இருக்கான். மாசம் முழுசா இருக்கணும், அதான் எனக்கு. நடுவுல ஒரு நாள் ஓட்டை விழுந்தாலும், அந்த ரோடு ஈரமாத்தானே இருந்துச்சுன்னு ஒருத்தன் சொல்வான். உன் வண்டி அந்த ஓட்டை வழியா போயிரும்."

"ஓட்டை விழாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று லஸ்ஹர் எழுந்து போய்விடவில்லை. அந்த ஏமாற்று இனி அவனிடம் செல்லாது. காத்திருந்தான்.

"லஸ்ஹர்."

"சொல்லுங்க, சி பெல்காசம்."

"மாசம் முடியறதுக்குள்ள நான் போயிட்டேன்னா, என்னை வடக்கு ரோட்டு வழியாத்தான் செகியாவுக்குத் தூக்கிட்டு வருவாங்க. வேற வழி கிடையாது. மலைக்காரன் செத்தா, அவன் மய்யித்து போற ரோட்டுக்கு முன்னாடியே தண்ணி தெளிச்சு வைக்கிறது நம்ம பசங்க வழக்கம். உன்கிட்டதான் வந்து சொல்வாங்க. அக்காவும் அழுது கேக்கும். நீயும் பம்புல கைய வெப்பே, எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். "தெளிக்காதே."